மாப்பிள்ளையின் இருமல்

“இந்தப் பூங்குழலி அப்பாவிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன?” என்று கரூரிலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். சொல்லலாம்தான். எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொன்னவளுக்கே அது எந்த நிமிஷத்தில் பொய்யானது என்று தெரியாதபோது, அதை எங்கிருந்து திருத்துவது?

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறீர்கள் என்றால், இதைத் தெரிந்துகொண்டால் போதும். பூங்குழலி பெரம்பலூரில், எளம்பலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். செல்போனில் காதால் கேட்கிற கதைகளைத் தயாரிக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். கதையில் கதவு திறந்தால் கதவுச் சத்தம், மழை பெய்தால் மழைச் சத்தம் என்று தேடிப் பிடித்துச் சேர்ப்பது அவள் வேலை. அதற்கு ஒரு லேப்டாப்பும் ஒரு ஹெட்போனும் போதும்.

அவள் கணவன் பிரசாத், திருச்சியில் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர். முதலில் தினமும் வந்து போனான். அலைச்சல் தாங்கவில்லை என்று அங்கேயே ரூம் எடுத்தான். வாரம் ஒருமுறை வந்தான், பிறகு மாதம் ஒருமுறை. ஆடியிலிருந்து வரவே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது வந்திருக்கும்.

“நீ காதுல அத மாட்டிக்கிட்டா, நா இந்த வூட்ல இருக்குறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான்” என்று ஒருநாள் சொன்னான். அவன் கடைசியாகக் கிளம்பிய அன்று அவள் ஒரு கதைக்காக நல்ல கதவுச் சத்தம் தேடிக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக் கதவு சாத்திய சத்தம் அவள் காதில் விழவில்லை.

இதெல்லாம் ரெட்டிபாளையத்தில் தனியாக இருக்கும் அவள் அப்பா காசிநாதனுக்குத் தெரியாது. பிரசாத் அவர் தேடிப் பார்த்து முடித்த மாப்பிள்ளை. மனைவி அமிர்தவல்லி இறந்துபோன பிறகு, ஒருவருக்குச் சோறு வடித்து ஒருவராகச் சாப்பிடுகிற அந்த மனுஷருக்கு இருக்கிற ஒரே நிம்மதி, பெண்ணாவது துணையோடு இருக்கிறாள் என்பதுதான். மாப்பிள்ளைக்கு நேராகப் போன் போட்டுப் பேசுகிற வழக்கமும் அவரிடம் இல்லை. கேட்பதை எல்லாம் பெண்ணிடம்தான் கேட்பார். அதனால்தான் பொய் இத்தனை நாள் பிழைத்தது.

போன வாரக் கதையின் முடிவில் அவர், “நாளைக்கு வரேன் பாப்பா, மாப்ளய வூட்ல இருக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். எதற்கு என்று சொல்லவில்லை. அந்த நாளைதான் இன்று விடிந்திருக்கிறது.

*

மார்கழிக் குளிர் விடுவதற்குள் சுரேஷ்குமார் போன் செய்துவிட்டான். சென்னையிலிருந்து அவளுக்கு வேலை அனுப்புகிறவன் அவன்தான்.

“அக்கா, கடைசி சீன் ஒண்ணுதான் பாக்கி. அந்தம்மா பூட்டைத் திறந்து உள்ள வர்றாங்க. வீட்ல யாரும் இல்ல. அந்த யாரும் இல்லாத சத்தம் வேணும்.”

“யாரும் இல்லன்னா ஏது தம்பி சத்தம்?”

“ஒண்ணுமே போடாம விட்டா, கேக்கறவங்க போன் நின்னுபோச்சுன்னு நெனச்சுக்குவாங்கக்கா. சத்தம் இருக்கணும், ஆள் இருக்கக் கூடாது. மதியத்துக்குள்ள குடுத்துடுங்க.”

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் காலி அறை என்று ஆங்கிலத்தில் அடித்தாள். பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் அடுத்த சத்தம் தானாகவே ஓடும். மரத்தரை போட்ட காலி அறை. ஃபிரிட்ஜ் ஓடுகிற காலி அறை. மழை நாளில் ஓட்டலில் ஒரு காலி அறை. எந்தெந்த ஊரிலோ யார் யாரோ, ஆளில்லாத அறையில் மைக்கை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எதுவும் ஒத்துவரவில்லை. எல்லாம் ஜன்னலை இறுகச் சாத்திய குளிர்தேசத்து வீடுகள். நம் ஊர்க் காலி வீட்டில் மின்விசிறி டிக்டிக் என்னும், பக்கத்து வீட்டு மிக்சி ஓடும், மக்காச்சோள லாரி ஒன்று ரோட்டில் போகும். அவ்வளவு சத்தத்திலும் வீடு காலியாகத்தான் இருக்கும். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பட்டியலுக்குப் பக்கத்தில் அவளுடைய சொந்த ஃபோல்டர்கள் இருந்தன. அதில் ஒன்றின் பெயர் ‘வீடு’. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

அது ஆரம்பித்த கதை இப்படி. ஆவணியில் ஒரு சாயங்காலம் ஏதோ ஒரு கதைக்காகப் பைக் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ஹெட்போன் போடவில்லை. ஏழு மணிக்கு வழக்கம்போல அப்பா போன். எடுத்துக் காதில் வைத்த நேரம், லேப்டாப்பில் ஒரு பைக் வந்து நின்றது.

“மாப்ள வந்துட்டாரு போலருக்கு. சரி, நீ போயி காப்பித்தண்ணி குடு. நா வச்சிடறேன்.”

வைத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்த திருப்தியை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அதே ஏழு மணிக்கு, “இன்னும் வரலயா பாப்பா?” என்று சுருதி இறங்கிக் கேட்டார். அவள் கை தானாகப் போய் அந்தப் பைக்கை ஓட்டியது. அவ்வளவுதான் நடந்தது. பிறகு பைக் மட்டும் போதவில்லை, ஒரு கேட் சேர்த்தாள். கேட் மட்டும் போதவில்லை, ஓர் ஆள் உள்ளே வந்த மாதிரி இருக்கட்டும் என்று ஒரு இருமல் சேர்த்தாள். அந்த இருமலைத் தேர்ந்தெடுக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

வாசகி இன்னும் கோபமாக இருக்கிறாரா தெரியவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன் செய்யாத நாட்களும் உண்டு. அந்த நாட்களிலும் ஏழு மணி ஆனால் அவள் அந்த ஃபோல்டரைத் திறப்பாள். பைக் வரும், கேட் திறக்கும், யாரோ இருமுவார்கள். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள். தனியாக இருப்பது அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

*

காசிநாதன் அரியலூரில் பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். தோளில் துண்டு, ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டு, இன்னொரு கையில் பிளாஸ்க்.

“வாங்கப்பா.”

“மாப்ள எங்க?”

“இப்பத்தாம்ப்பா கெளம்பினாரு. ஷோரூம்ல அவசர வேலயாம்.”

“சரி, வந்துடுவாரு” என்றார். அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் பிளாஸ்க்கைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். “ஆடாதொடைக் கஷாயம். வெடியக்காலமே எழுந்து காச்சினேன். கொஞ்சம் கசக்கும், தேன் ஊத்திக் குடுத்துடு.”

“யாருக்குப்பா?”

காசிநாதன் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம் பாப்பா, கூட இருக்குறவ நீ. எனக்கு போன்லயே கேக்குது, ஒனக்குக் கேக்கலயா அந்த இருமல்?”

அவள் கீரைக்கட்டை எடுத்து நாரைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“மாசக்கணக்காவுது. கேட்டைத் தொறந்துட்டு உள்ள வந்த ஒடனே இருமுறாரு. நேத்து எப்புடி இருந்துச்சோ இன்னிக்கும் அப்புடியே இருக்கு. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. வெயில் காலம் போயி பனிக்காலம் வந்துடுச்சு, அது மாறவே இல்ல. மருந்துக்கு அசையாத இருமல் பாப்பா அது. ஒஞ் சித்தப்பனுக்கும் இப்புடித்தான ஆரம்பிச்சுது.”

சித்தப்பா செல்லதுரை, காசிநாதனின் தம்பி. சளிதானே என்று பீடியும் கையுமாக இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் தாண்டியிருந்தது. அதிலிருந்து காசிநாதன் இருமலைச் சும்மா விடுவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இருமினால்கூட, “எத்தினி நாளா இருக்குதுங்க?” என்று கேட்காமல் இறங்க மாட்டார்.

“நம்மூருல எதிர்வூட்டு சுமதி இங்கதான பெரம்பலூர் ஆஸ்பத்திரில நர்சா இருக்கு. அதுகிட்ட சொல்லி நெஞ்சு டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டேன். சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க. மாப்ள எப்ப வந்தாலும் நா இருந்து கூட்டிட்டுப் போறேன். நீ ஒன் வேலயப் பாரு.”

“அப்பா.”

“சொல்லு.”

“சாப்ட்டீங்களா?”

“கம்மங்கூழு குடிச்சிட்டுத்தான் வந்தேன்.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஆணிகள் எல்லாம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, “மாப்ள துணியெல்லாம் எங்க?” என்று கேட்டார். துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னாள். அதற்கும் சரி என்றார். அவர் சரி என்று சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குக்கரில் அரிசியைப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டாள்.

*

முதலில் அந்த ஃபோல்டரை அழித்துவிட வேண்டும். அப்பா பார்ப்பதற்குள், தனக்கு மனசு மாறுவதற்குள். வேறு யோசனை ஒன்றும் அப்போது அவளுக்கு இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘வீடு’ ஃபோல்டரைத் திறந்தாள். அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இந்த ஆசைதான் மனுஷரைக் கெடுப்பது. பைக்கைக் கேட்டாள். கேட்டைக் கேட்டாள். இருமலுக்கு வந்தாள்.

காலையில் காலி அறைகளைக் கேட்டபோது, ஒரே சத்தம் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருந்தாள். அதை மாற்றவில்லை. இருமல் ஓடி முடிந்தது, கொஞ்சம் விட்டு மறுபடியும் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா சொன்னது சரிதான். அது நல்ல இருமல் இல்லை.

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. ஹெட்போன் மாட்டியிருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சட்டென்று எழுந்தாள். ஒயர் இழுபட்டு லேப்டாப்பிலிருந்து கழன்றுகொண்டது. அவள் காதுக்குள் இருந்த இருமல் அறை முழுவதும் கேட்டது.

“வந்துட்டாரா மாப்ள?” என்று ஹாலிலிருந்து அப்பாவின் குரல். பிளாஸ்க் மூடி திருகப்படும் சத்தம். “பைக் சத்தமே கேக்கலயே. பின்பக்கமா வந்தாரா?”

நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் போதும். தினம் எத்தனையோ முறை அழுத்துகிற பொத்தான்தான். அவள் கை அதன்மேலே போய் நின்றுவிட்டது.

காசிநாதன் ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மறுகையில் ஆவி பறக்கும் டம்ளர். அறையில் கட்டில் இருந்தது, மேசை இருந்தது, மகள் இருந்தாள். லேப்டாப்பில் பச்சைக் கோடுகள் எழுந்து அடங்கின. அதிலிருந்து மாப்பிள்ளை இருமினார். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் அப்படியே இருமினார்.

காசிநாதன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது முறை இருமல் வந்தபோது அவள் நிறுத்தினாள்.

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

“பைக்கும் இதுலதானா?”

“ஆமாப்பா.”

“கேட்டு?”

“ஆமா.”

“பக்கெட்டுல தண்ணி ஊத்துற சத்தம் கேக்குமே?”

“அது நானே ஊத்துனதுப்பா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். துண்டின் நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். “எப்பலேர்ந்து?”

“ஆடிலேர்ந்து வரதில்லப்பா. திட்டல, அடிக்கல, ஒண்ணுமில்ல. வரதில்ல, அவ்ளோதான்.”

“தீவாளிக்கு டூட்டின்னியே.”

“பொய்ப்பா.”

“நா வாங்கியாந்த வேட்டி சட்ட?”

“பீரோல இருக்குப்பா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல பாப்பா?”

“அன்னிக்கு ‘மாப்ள வந்துட்டாரு போலருக்கு’ன்னு எவ்ளோ சந்தோஷமா வச்சீங்க. அங்க நீங்க தனியா கெடக்குறீங்க. நானும் இங்க தனியாத்தான் கெடக்குறேன்னு எப்புடிப்பா சொல்றது? நீங்களாவது நிம்மதியா தூங்கட்டும்னு நெனச்சேன்.”

“தூங்குனேன். இந்த இருமல் வர்ற வரைக்கும் நல்லாத்தான் தூங்குனேன்.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேசையில் கவிழ்ந்து அழுதாள். காசிநாதன் அழாதே என்று சொல்லவில்லை. எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். தலையில் கை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் நாற்காலியின் முதுகில் வைத்தார்.

அவள் அழுது ஓய்ந்ததும், “அத இன்னொருவாட்டி போடு” என்றார்.

“எதுக்குப்பா?”

“போடேன்.”

போட்டாள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். “இது யாரு?”

“தெரியாதுப்பா. எந்த ஊருன்னுகூட தெரியாது. யாரோ ரெக்கார்டு பண்ணிப் போட்டு வச்சிருக்காங்க. எங்கள மாதிரி ஆளுங்க எடுத்துக்கலாம்.”

“இந்த மனுசனுக்கு வைத்தியம் பாத்தாங்களா?”

பூங்குழலி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாசக்கணக்காகத் தினம் ஏழு மணிக்கு அந்த இருமலைக் கேட்டுக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. லேப்டாப்பை மூடினாள்.

*

“நானும் ஒண்ணு ஒங்கிட்ட மறைச்சிட்டேன் பாப்பா” என்றார் காசிநாதன். “ஒன்னக் கேக்காம, நேத்து சாயங்காலம் மாப்ளைக்கு நேரா போன் பண்ணிட்டேன். மனசு கேக்கல. நீ கோவிச்சுக்குவியோன்னுதான் வந்ததும் சொல்லல.”

அவள் முகத்தைத் துடைத்த முந்தானை அப்படியே நின்றது. “என்னப்பா பேசினீங்க?”

“‘இருமல் எப்புடி இருக்கு மாப்ள?’ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. லைனு போயிடுச்சோன்னு நெனச்சேன். அப்புறமா, ‘இப்ப கொஞ்சம் பரவால்லங்க மாமா’ன்னாரு.”

“பரவால்லன்னாரா?”

“ஆமா. ‘தெனம் சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் இருமுறீங்களே, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நாளைக்கு வரேன், டாக்டரப் பாத்துடுவோம்’னேன். அப்புறம் ‘சரிங்க மாமா, வந்துடறேன்’னாரு. ஷோரூம்லேர்ந்து வந்துடறேன்னு சொல்றாருன்னு நா நெனச்சேன்.”

பூங்குழலிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்ன இருமல் என்று கேட்டிருக்கலாம். நான் அங்கே இல்லையே மாமா என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், அவளைக் காட்டிக்கொடுக்க. அவன் இல்லாத இருமலை ஏன் தலையில் போட்டுக்கொண்டான்? வயசானவர் மனசு நோகக் கூடாது என்றா? இல்லை, இவள் தினமும் சாயங்காலம் இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று அவனுக்கு அப்போது புரிந்துவிட்டதா?

வெளியே ஒரு பைக் வந்து நின்றது.

“போதும் பாப்பா, அத நிறுத்து” என்றார் காசிநாதன்.

“நா எதுவும் போடலப்பா.”

இரண்டு பேரும் மேசையைப் பார்த்தார்கள். லேப்டாப் மூடியே இருந்தது.

கேட் திறந்தது. ஃபோல்டரில் இருக்கிற கேட் மாதிரி அது கிறீச்சிடவில்லை. தரையை உரசிக்கொண்டு பாதியில் நின்று, ஒரு தள்ளு தள்ளியதும் நகர்ந்தது. தன் வீட்டு கேட் எப்படிச் சத்தம் போடும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. செருப்புச் சத்தம் படிவரை வந்தது. கதவைத் தட்டவில்லை. வந்த ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு வாசலில் யாரோ இருமினார்கள்.

எத்தனையோ இருமல்களைக் கேட்டுப் பொறுக்கியவள் அவள். தானாக வருகிற இருமல் எது, வரவழைத்துக்கொள்கிற இருமல் எது என்று அவளை ஏமாற்ற முடியாது. இது வரவழைத்தது. சரியாக வரவில்லை என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொருமுறை இருமினான்.

காசிநாதன் மேசையிலிருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“சூடு பண்ணட்டுமா பாப்பா?”